நான்கு வால்வு ட்ரம்பெட்டும் மெட்டில்லா 'ஊத்' வாத்தியமும்: இப்ராஹிம் மாலூஃபின் தொகுப்பை முன்வைத்து ஒரு விவாதம்

கடல்காற்று எழுதியது:

லெபனானைச் சேர்ந்த ட்ரம்பெட் கலைஞர் இப்ராஹிம் மாலூஃப் 2024-இல் வெளியிட்ட 'ட்ரம்பெட்ஸ் ஆஃப் மிஷெல்-ஆஞ்ச்' என்ற தொகுப்பை இரண்டு வாரங்களாகத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். 'ஃப்யூஷன்', அதாவது கலப்பிசை என்ற சொல்லைக் கேட்டதும் முகம் சுளிப்பவர்கள் இங்கே பலர் உண்டு என்பதை அறிந்தே இந்த இழையைத் தொடங்குகிறேன்.

என் வாதம் அந்தக் கருவியைப் பற்றியது. சாதாரண ட்ரம்பெட்டில் மூன்று வால்வுகள் இருக்கும். ஒன்று சுரத்தை முழுச் சுரம் இறக்கும், இன்னொன்று அரைச் சுரம் இறக்கும், மூன்றாவது ஒன்றரைச் சுரம் இறக்கும். அவற்றை எப்படிச் சேர்த்து அழுத்தினாலும் அரைச் சுரத்தைவிடச் சிறிய இடைவெளி கிடைக்காது. நம் ராகங்களைப் போன்ற அரபு இசையின் மகாம்கள் பலவற்றுக்கு அது போதாது. ராஸ்ட் மகாமின் மூன்றாம் சுரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நம்முடைய சாதாரண காந்தாரத்துக்கும் அந்தர காந்தாரத்துக்கும் நடுவில் அது உட்கார்ந்திருக்கிறது. இப்ராஹிமின் தந்தை நசீம் மாலூஃப் லெபனானிலிருந்து பாரிஸுக்குச் சென்று ட்ரம்பெட் மேதை மொரீஸ் ஆந்த்ரேயிடம் மேற்கத்திய செவ்வியல் முறையில் பயின்றவர். அந்தக் கருவியில் தன் ஊர்ப் பாட்டை வாசிக்க முடியவில்லை என்பதால், 1960-களில் கால் சுரம் இறக்கும் நான்காவது வால்வு ஒன்றை அதில் சேர்த்தார். 1980-இல் பெய்ரூட்டில் பிறந்து, உள்நாட்டுப் போரால் பிரான்சில் வளர்ந்த மகன் அந்தக் கருவியை உலக மேடைகளுக்குக் கொண்டுபோனார். புதிய தொகுப்பில் மற்ற ட்ரம்பெட் கலைஞர்களும் அதே நான்கு வால்வு கருவியோடு அவருடன் நிற்கிறார்கள். நியூ ஆர்லியன்ஸின் 'ட்ரோம்போன் ஷார்ட்டி' என்ற கலைஞரும் விருந்தினராக வந்திருக்கிறார்.

பெரும்பாலான கலப்பிசையில், மேற்கத்தியக் கருவியின் அளவுக்கு ஏற்பக் கீழைப் பாட்டின் கையையும் காலையும் வெட்டுவார்கள். இங்கே வெட்டுப்பட்டது கருவி. ஆகவே இதை நேர்மையான சந்திப்பு என்கிறேன். மறுப்பவர்கள் காரணத்தோடு மறுக்கலாம்.

ஒற்றைத்தந்தி எழுதியது:

காரணத்தோடே மறுக்கிறேன், நண்பரே. நான்காவது வால்வு அருமையான கண்டுபிடிப்பு என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் கருவி நேர்மையானதாக இருந்துவிட்டால் அதில் வாசிக்கப்படும் இசையும் நேர்மையானதாகிவிடும் என்ற உங்கள் தாவலைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

மகாம் என்பது சுரங்களின் பட்டியல் அன்று. எந்தச் சுரத்தில் தொடங்குவது, எங்கே தங்குவது, அருகிலுள்ள எந்த மகாமுக்கு எப்போது நழுவி எந்த வழியாகத் திரும்புவது என்பதெல்லாம் சேர்ந்ததுதான் மகாம். தாளமில்லாமல் நிதானமாக அதை விரித்துக் காட்டும் தக்சீமைக் கேட்டவர்களுக்கு இது புரியும். நம் ஆலாபனைக்கு அது தூரத்து உறவு போல. மாலூஃபின் புதிய தொகுப்பில் எனக்குக் கேட்பது பித்தளை வாத்தியங்களின் ஊர்வலக் கொண்டாட்டம். கல்யாண வீட்டு உற்சாகம் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பல ட்ரம்பெட்டுகள் ஒரே வரியை ஒரே மாதிரி முழங்கும்போது, ஒவ்வொரு கலைஞரும் அதே வரியைத் தன் போக்கில் இழைத்துக்கொண்டு போகும் பழைய தக்த் குழுவின் அழகு எங்கே போயிற்று? ஊத், கானூன் என்ற தந்தி வாத்தியங்கள், 'நாய்' என்ற குழல், வயலின், ரிக் என்ற சிறு பறை என்று ஐந்தே பேர் அமர்ந்து, ஒரே பாட்டை ஐந்து விதமாக வாசித்தும் கலையாமல் இருப்பது அந்த மரபின் பெருமை அல்லவா?

லெபனானியர் ஒருவரின் கலப்பிசைக்கு உரைகல் வேண்டுமென்றால் ரபீஹ் அபூ கலீலின் 'ப்ளூ கேமல்' இருக்கிறது. பெய்ரூட்டில் பிறந்து, போரின்போது 1978-இல் மியூனிக்குக்குப் போன ஊத் கலைஞர் அவர். 1992-இல் வந்த அந்தத் தொகுப்பில் பியானோவும் இல்லை, கிதாரில் பல சுரங்களைச் சேர்த்துக் கார்டு போடுபவரும் இல்லை. ஊத், வீணையில் இருப்பது போன்ற மெட்டுகள் இல்லாத கருவி. விரல் எங்கே அழுத்துகிறதோ அதுதான் சுரம். பின்னணியில் கார்டுகளின் கம்பளம் விரிக்கப்படாததால் அந்தச் சுரங்களுக்கு மூச்சுவிட இடம் கிடைக்கிறது. மாலூஃபோ, எகிப்தியப் பாடகி உம்மு குல்சூமின் 1969-ஆம் ஆண்டுப் பாடல் ஒன்றை வைத்து 2015-இல் செய்த 'கல்சூம்' தொகுப்பில் கால் சுர ட்ரம்பெட்டைப் பியானோவுக்குப் பக்கத்தில் நிறுத்தினார். ராஸ்டின் மூன்றாம் சுரத்தை ட்ரம்பெட் தொடும்போது பியானோவால் செய்யக்கூடியது ஒன்று விலகி நிற்பது, இல்லையேல் முரண்படுவது.

கடல்காற்று எழுதியது:

'ப்ளூ கேமல்' எனக்கும் பிடித்த தொகுப்புதான், ஆனால் அதை எடுத்ததில் உங்கள் வாதத்துக்கே ஆபத்து இருக்கிறது. அதில் ட்ரம்பெட்டும் அதன் உறவான ஃப்ளூகல்ஹார்னும் வாசித்த கென்னி வீலரிடம் இருந்தவை வழக்கமான கருவிகள். ஸ்டீவ் ஸ்வாலோ வாசித்தது மெட்டுகள் உள்ள பாஸ் கிதார். ஆக, உங்கள் உரைகல் தொகுப்பில் கால் சுரத்துக்கு உரிய கருவி ஒன்றே ஒன்று, ஊத் மட்டும். மாலூஃபின் தொகுப்பில் ஒரு வரிசையே இருக்கிறது. எது அதிகமாக விட்டுக்கொடுத்தது என்று நீங்களே சொல்லுங்கள்.

பியானோவைப் பற்றிச் சொன்னீர்கள். விலகி நிற்பது என்பதும் வாசிப்புத்தானே? உம்மு குல்சூம் பாட்டில் ஒரே அடியை வேறு வேறு விதமாகப் பாடிப் பாடிக் கூட்டத்தை ஏங்க வைப்பார். ட்ரம்பெட் அந்த ஏக்கத்தை எடுத்துக்கொள்ளும்போது பியானோ ஒதுங்கி வழிவிடும் கணங்களை நான் குறையாகக் கேட்கவில்லை.

தனியாவர்த்தனம் எழுதியது:

நாற்பது ஆண்டுகளாக மிருதங்கம் வாசிப்பவன் என்ற முறையில் ஒன்று சொல்ல வேண்டும். நீங்கள் இருவரும் காந்தாரத்தைப் பிடித்துக்கொண்டே தொங்குகிறீர்கள். தாளத்தை யாரும் தொடவில்லை.

'ப்ளூ கேமல்' தொகுப்பில் தென்னிந்தியத் தாளக் கருவிகளை வாசித்த ரமேஷ் ஷோத்தம் சென்னையில் பிறந்தவர். தவில், கடம், கஞ்சிரா, மோர்சிங் எல்லாம் கையாளுபவர், பிறகு ஜெர்மனியின் கொலோன் நகரில் குடியேறினார். அதே தொகுப்பில் சாக்ஸபோன் வாசித்த சார்லி மரியானோ என்ற அமெரிக்கர் நம் நாதஸ்வரத்தைக் கற்று, இசைத்தட்டுகளிலும் வாசித்தவர். ஷோத்தத்துக்குப் பக்கத்தில் நபீல் கையாத் அரபுச் சட்டப் பறைகளோடு உட்கார்ந்திருக்கிறார். கஞ்சிராவும் ரிக்கும் பார்ப்பதற்கு அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், இரண்டுமே சலங்கைத் தகடு வைத்த சிறு பறைகள். ஆனால் கஞ்சிராவில் தோலை நனைத்து அழுத்திக் குழைப்போம், ரிக்கில் தகடுகளுக்கே தனி விரல் வேலை இருக்கிறது.

அரபு மரபில் சமாயி தகீல் என்று பத்து எண்ணிக்கைத் தாளம் ஒன்று உண்டு. தும் - - தக் - தும் தும் தக் - - என்று அடிப்பார்கள். கணக்கு மூன்று, இரண்டு, இரண்டு, மூன்று. நம் பழக்கத்தில் பத்தை இரண்டு கண்டசாபாகப் போட்டால் இரண்டு, மூன்று, இரண்டு, மூன்று. மொத்தம் ஒன்றுதான், ஆனால் நடுவில் அடி விழும் இடம் வேறு. முதல் தடவை அதைக் கேட்டுக்கொண்டே கையில் தாளம் போட்டபோது, பாதியில் என் கை ஒரு பக்கமும் காது ஒரு பக்கமும் போய்விட்டது. பத்து நிமிடம் விடாமல் போட்ட பிறகுதான் கை வழிக்கு வந்தது. உங்களுக்குப் பழக்கமான எண்ணிக்கையை ஒருவர் வேறு இடத்தில் மடித்து வைத்திருக்கிறார் என்று உடம்பு உணர்வதைத்தான் நான் சந்திப்பு என்பேன். மாலூஃபின் புதிய தொகுப்பில் என் கை ஒரு தடவைகூடத் தடுமாறவில்லை. அது ஆடுவதற்கான இசை; அதில் தவறில்லை. எனக்கு வேலை இல்லை, அவ்வளவுதான்.

ஷார்ஜாவாசி எழுதியது:

ஐயா சொன்னதை மதிக்கிறேன், ஆனால் ஆடுவதற்கான இசை என்பதை ஒரு படி கீழே வைப்பது லெபனானைப் பொறுத்தவரை சரியாக இராது. தப்கே ஆட்டம் இல்லாமல் அங்கே கல்யாணம் கிடையாது. தோளோடு தோள் சேர்ந்து வரிசையாகத் தரையை மிதிக்கும் அந்த ஆட்டத்துக்கு முன்னால் எல்லாரும் ஒரே வரியை முழங்குவதுதான் முறை. ஒற்றைத்தந்தி அவர்கள் தேடுகிற தக்த் குழு, நகரத்து மாளிகையிலும் கச்சேரியிலும் வளர்ந்தது. மலைக் கிராமத்துக் கொண்டாட்டம் வேறு மரபு. அதை இதன் அளவுகோலால் அளந்தால் தவிலை வீணையின் கணக்கில் குறை சொன்ன கதையாகிவிடும்.

என்னோடு பன்னிரண்டு ஆண்டுகள் வேலை பார்த்தவர் லெபனானின் ஸஹ்லே ஊர்க்காரர். காலையில் அவருடைய வண்டியில் ஏறினால் லெபனான் பாடகி ஃபைரூஸ் பாடிக்கொண்டிருப்பார். மாலையில் திரும்பும்போது உம்மு குல்சூம். லெபனானியர் பலருக்கு அந்த வரிசை மாறாது. ஒருநாள் ஃபைரூஸின் பாட்டு ஒன்றில் எங்கோ கேட்ட மேற்கத்திய மெட்டு வருகிறதே என்றேன். மொஸார்ட்டின் 40-ஆம் சிம்பொனி என்று சிரித்தார். ஃபைரூஸின் பாடல்களுக்கு இசையமைத்த ரஹ்பானி சகோதரர்கள் அதை எடுத்து அரபு வரிகள் போட்டு ஃபைரூஸைப் பாட வைத்திருந்தார்கள். 1957-இல் பால்பெக் கோயில் இடிபாடுகளுக்கிடையே நடந்த விழாவில் ஃபைரூஸ் பாடியதிலிருந்து லெபனானின் அடையாளம் என்று கொண்டாடப்படும் அந்த இசையே பியானோ, அக்கார்டியன், கிராமத்துப் பாட்டு எல்லாம் சேர்ந்த கலவை. ஃபைரூஸின் மகன் ஸியாத் ரஹ்பானி, 2025-இல் மறைந்தவர், அதற்குள் ஜாஸையும் கொண்டுவந்தார்.

பியானோ வாதமும் பழையது. 1932-இல் கெய்ரோவில் அரபு இசை மாநாடு கூடியபோது பார்டோக், ஹிண்டெமித் போன்ற ஐரோப்பிய இசையமைப்பாளர்கள் வந்திருந்தார்கள். அரபு இசைக்குப் பியானோ ஆகுமா என்று அங்கேயே பேச்சு நடந்தது. வேடிக்கை என்னவென்றால், எகிப்தியர்களில் பலர் வேண்டும் என்றார்கள். வேண்டாம், மரபு கெட்டுவிடும் என்று கவலைப்பட்டவர்களில் ஐரோப்பியர்கள் நிறைய. பிறகு பெய்ரூட்டில் அப்துல்லா ஷாஹீன் என்பவர் கால் சுரம் வாசிக்கும் பியானோவையே உருவாக்கினார். நசீம் மாலூஃபின் வால்வை அந்த வரிசையில் வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

ஒற்றைத்தந்தி எழுதியது:

ஷார்ஜாவாசி அவர்களின் பதிலில் பாதியை ஏற்றுக்கொள்கிறேன். கிராமத்துக் கொண்டாட்டத்தைத் தக்த் குழுவின் அளவுகோலால் அளந்தது என் பிழை. ஆனால் 'எல்லாமே எப்போதும் கலவைதான்' என்ற வாதம் எனக்கு அச்சம் தருகிறது. அதைச் சொல்லிவிட்டால், எந்தக் கலவை நன்றாக அமைந்தது, எது அமையவில்லை என்று கேட்கவே முடியாமல் போய்விடும். ரஹ்பானிகள் மொஸார்ட்டை எடுத்ததும் பாட்டின் பாரம் ஃபைரூஸின் குரலில்தான் இருந்தது.

கடல்காற்று அவர்கள் வீலரையும் ஸ்வாலோவையும் காட்டி மடக்கியதாக நினைக்கிறார். அபூ கலீல் அவர்களைக் கால் சுரம் வாசிக்கும்படி கேட்டதாக எனக்குத் தோன்றவில்லை. யாருக்கு எது இயல்போ அதைக் கொடுத்துவிட்டு, இடைப்பட்ட சுரங்களைத் தன் ஊதிடமே வைத்துக்கொள்கிறார். அதனால்தான் அங்கே ஒருவர் மற்றவராக வேடம் போடுவதில்லை. இன்னொன்று: வால்வு தருவது அரைச் சுரத்தில் சரிபாதி. மகாமின் அந்தச் சுரமோ சரிபாதியில் நிற்பதில்லை. கெய்ரோவில் ஓர் இடம், அலெப்போவில் ஓர் இடம், ஒரே மகாமுக்குள் ஏறும்போது ஓர் இடம், இறங்கும்போது ஓர் இடம்.

கடல்காற்று எழுதியது:

வால்வு சரிபாதியில் இறக்கிவிடும், மிச்சத்தை உதடு பார்த்துக்கொள்ளும். ட்ரம்பெட்டில் வாயின் இறுக்கத்தால் சுரத்தை ஓரளவு ஏற்றவும் இறக்கவும் முடியும். மூன்று வால்வு கருவியில் அரைச் சுரத்தின் பாதித் தூரத்தை உதட்டாலேயே கடப்பது பெரும்பாடு, அதையும் வேகமான வரியில் செய்ய முடியாது. அந்தப் பெருந்தூரத்தை வால்வு எடுத்துக்கொண்டதால் நுண்மைக்கு உதடு மிஞ்சுகிறது. நீங்கள் வீணை வாசிப்பவர் என்று முன்பு ஒருமுறை எழுதியிருந்தீர்கள். வீணையில் மெட்டுகள் இருக்கின்றன என்பதற்காகத் தோடி வராது என்று யாராவது சொல்வார்களா?

தனியாவர்த்தனம் எழுதியது:

நல்ல அடி. பதில் வரட்டும், காத்திருக்கிறேன்.

ஒற்றைத்தந்தி எழுதியது:

பதில் சொல்ல ஒருநாள் ஆனது, ஏனென்றால் நேற்று இரவு வீணையை எடுத்து உட்கார்ந்துவிட்டேன். ராஸ்டின் அந்த மூன்றாம் சுரத்தைப் பிடிக்கலாம் என்று சாதாரண காந்தார மெட்டில் விரலை வைத்துத் தந்தியை இழுத்தேன். அந்தர காந்தாரம் வரை இழுத்துப் பழக்கம் என்பதால் முதலில் கை அங்கேயே ஓடியது. பாதி வழியில் நிறுத்தக் கற்றுக்கொள்ளவே நெடுநேரம் ஆயிற்று. நிறுத்தக் கற்ற பிறகு கவனித்தேன்: மேலே பஞ்சமத்துக்குப் போகும்போது கொஞ்சம் கூடுதலாக இழுக்கிறேன், சட்ஜத்துக்கு இறங்கும்போது என்னை அறியாமலே தளர்த்துகிறேன். யாரும் சொல்லித் தரவில்லை; அடுத்த சுரம் கையைத் தன் பக்கம் வாங்கிக்கொள்கிறது.

எனவே மெட்டைப் பற்றியும் வால்வைப் பற்றியும் நான் சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன். தக்சீமுக்கு இடமில்லாத அவசரம் அந்தத் தொகுப்பில் இருக்கிறது என்ற குறையை மட்டும் விடமாட்டேன். அடுத்த முறை ஒலிப்பதிவைக் கேட்பதோடு நிறுத்தாமல் மேடைக் காணொளியைப் பார்க்கப் போகிறேன். நான்காவது வால்வு கீழே போன பிறகும் மாலூஃபின் வாய் வேலை செய்கிறதா என்று பார்த்துவிட்டு வந்து எழுதுகிறேன்.