லாக்ஸ்டன்: அரசு கையில் இருந்த கிராமத்தைப் பழைய ஜமீன் குடும்பத்துக்கே விற்றது சரியா?

மேழி:
இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம்ஷயரில் லாக்ஸ்டன் என்று ஒரு கிராமம். மூன்று பெரிய வயல்களை நடுவில் வேலி போடாமல் பட்டை பட்டையாகப் பிரித்து, பல குத்தகை விவசாயிகள் உழுகிறார்கள். ஒரு வயலில் குளிர்காலக் கோதுமை, ஒன்றில் வசந்தகாலப் பயிர், ஒன்று தரிசு. இடைக்கால முறை, இன்னும் நடக்கிறது. மாறுவது நிலத்தின் உடைமைதான். 1952-இல் ஊரின் பிரபுவான ஏர்ல் மான்வர்ஸ் அதை வேளாண் அமைச்சகத்துக்கு விற்றார். 1981-இல், முடியரசின் பெயரில் உள்ள பொதுச்சொத்துகளை நிர்வகிக்கும் கிரவுன் எஸ்டேட்டுக்குப் போனது. 2020-இல் தோர்ஸ்பி எஸ்டேட் வாங்கிக்கொண்டது. அது யாருடையது? அதே மான்வர்ஸ் வழிவந்தவர்களுடையது! 68 வருடம் பொதுச்சொத்தாக இருந்ததைத் திரும்ப ஜமீனிடம் கொடுத்தது தவறு என்பது என் கட்சி.

பழஞ்சுவடி:
'பழைய குடும்பம்' என்கிறீர்களே, எவ்வளவு பழசு? 1066-க்கு முன் அந்த நிலம் டோச்சி என்ற சாக்சன் காலத்து ஆளிடம் இருந்தது. பிரான்சிலிருந்து நார்மன்கள் படையெடுத்து வந்ததும் பறிபோனது. நார்மன் மன்னர் எடுத்த நிலக்கணக்கான 1086 டோம்ஸ்டே ஏட்டில் ஜெப்ரி ஆல்செலின் பெயர் இருக்கிறது. அப்புறம் டி கோ குடும்பம், பெண்வழியாக எவரிங்ஹாம் குடும்பம். அவர்கள் ஷெர்வுட் காட்டுக்கே காவல் அதிகாரிகள். அந்தக் காலத்துக் கோட்டை போய்விட்டது, அது நின்ற மேடு மட்டும் ஊருக்கு வடக்கே நிற்கிறது.

1620-களில் வாங்கியவர் சர் வில்லியம் கோர்ட்டன், லண்டன் ஜவுளி வியாபாரி. 1627-இல் பார்படோஸில் ஆட்களைக் குடியேற்றியதும் இவர் பணம்தான். (இவர் தொடங்கிய வணிகக் கூட்டணி பின்னாளில் நம் கார்வார் வரை வந்தது.) வாங்கிய சொத்தை அளக்கச் சொன்னார். 1635-இல் மார்க் பியர்ஸ் ஒவ்வொரு பட்டையையும் வரைந்த வரைபடம் இப்போது ஆக்ஸ்போர்டு பாட்லியன் நூலகத்தில் இருக்கிறது. மறுவருடம் கோர்ட்டன் காலமானார். மான்வர்ஸின் முன்னோரான பியர்பாண்ட் குடும்பம் அதற்குப் பிறகுதான் உள்ளே வருகிறது. ஆக அவர்களும் காசு கொடுத்து வாங்கியவர்களே.

மேழி:
பட்டியல் அருமை ஐயா, ஆனால் அது வாதம் ஆகாது. யார் முதலில் வந்தார் என்று நான் கேட்கவில்லை. ஒற்றை ஆளிடம் நிலம் குவிந்தால் என்ன ஆகும் என்பதுதான் கேள்வி. 1604 முதல் 1914 வரை 5,200-க்கும் மேற்பட்ட வேலியடைப்புச் சட்டங்களை நாடாளுமன்றம் போட்டது. ஊரில் பெரும்பங்கு நிலம் வைத்திருந்தவர் நினைத்தால் போதும். திறந்த வயல் எல்லாம் வேலிக்குள் போனது, மேய்ச்சல் உரிமை மட்டும் வைத்திருந்த ஏழைக்குக் கையில் ஒன்றும் மிஞ்சவில்லை. லாக்ஸ்டன் தப்பித்ததற்கு ஜமீனின் நல்ல மனசுதான் காரணம் என்று சொல்லிவிடாதீர்கள். அங்கே வேறு நில உடைமையாளர்களும் இருந்தார்கள், அது முக்கியம்.

கரிசல்காட்டான்:
இரண்டு பேருமே பத்திரத்தை மட்டும் பார்க்கிறீர்கள். வயலை நடத்துவது ஜூரி, அதாவது ஊர் விவசாயிகள் சிலர் கொண்ட குழு. நவம்பர் கடைசி வாக்கில், கோதுமை விதைத்த வயலில் ஜூரி விவசாயிகள் இறங்கி எல்லைக் குச்சிகளைச் சரிபார்ப்பார்கள். பாதையையோ நடுவில் விட்ட புல்தரையையோ எவராவது உழுது தின்றிருந்தால் குறித்துக்கொள்வார்கள். ஒரு வாரம் கழித்து ஊர் மதுக்கடையில் 'கோர்ட் லீட்' என்ற பழைய ஊர் மன்றம் கூடும், அபராதம் விதிக்கும். 1977 சட்டம் இங்கிலாந்தின் இத்தகைய மன்றங்களின் அதிகாரத்தை நீக்கியபோது, லாக்ஸ்டனுக்கு மட்டும் விட்டுவைத்தது. அமைச்சகம் வந்தபோதும் இதே ஜூரி. தோர்ஸ்பி வந்தபோதும் இதே ஜூரி.

மேழி:
கரிசல் அண்ணே, அந்த ஜூரியில் இருப்பவர்களுக்கு நிலம் குத்தகைக்கு இருந்தால்தான் ஜூரி. வாரிசு இல்லாமல் ஒரு பண்ணை காலியானால் அடுத்த ஆளை யார் தேர்ந்தெடுப்பது? எஸ்டேட்தானே? அபராதம் போடும் அதிகாரம் ஒரு பக்கம், ஆளை உள்ளே விடும் அதிகாரம் ஒரு பக்கம்.

பழஞ்சுவடி:
அது நியாயமான கேள்வி. ஆனால் கிரவுன் எஸ்டேட்டைத் தர்மஸ்தாபனம் மாதிரி பேசுவது சரியில்லை. 1961 சட்டப்படி சொத்தின் மதிப்பையும் வருமானத்தையும் காத்துப் பெருக்குவது அதன் கடமை. லாபம் கருவூலத்துக்குப் போகும். சந்தை விலைக்குக் கட்டுப்பட்ட நிறுவனம், வருமானம் குறைந்த கிராமத்தை ஒருநாள் விற்கத்தான் செய்யும். பக்கத்திலேயே இருக்கும், ஊரை அறிந்த எஸ்டேட் வாங்கியது நல்லது. யாரோ ஒரு முதலீட்டு நிதி வாங்கியிருந்தால்?

மேழி:
அந்த இரண்டை விட்டால் வழியே இல்லையா? குத்தகைதாரர்களுக்கே கொடுத்திருக்கலாம். ஸ்காட்லாந்தில் 2003 முதல், பழைய பாதுகாக்கப்பட்ட குத்தகையில் இருப்பவர் பதிவு செய்துகொண்டால், நிலம் விற்பனைக்கு வரும்போது முதல் உரிமை அவருக்கு. இங்கிலாந்தில் அந்தச் சட்டம் இல்லை.

கரிசல்காட்டான்:
கொடுத்துப் பாருங்கள்! ஆளுக்கொரு பட்டை சொந்தமானால் முதல் வருடமே ஒருவர் தரிசு விடமாட்டேன் என்பார், இரண்டாவது வருடம் வேலி. மூன்று வயல் சுழற்சி நிற்பதே நிலம் மொத்தமாக ஒரே கையில் இருப்பதால்.

மேழி:
ஆளுக்கொரு பட்டையாகப் பிரிக்க யார் சொன்னது? 1997-இல் ஸ்காட்லாந்தின் எய்க் தீவு விலைக்கு வந்தபோது, தீவுவாசிகளும் ஹைலண்ட் கவுன்சிலும் ஒரு வனவிலங்கு அமைப்பும் சேர்ந்து அறக்கட்டளையாக வாங்கினார்கள். அங்கேயும் நிலம் ஒரே கையில்தான் இருக்கிறது அண்ணே, குடியிருப்பவர்களும் சேர்ந்த கையில். 2020-இல் லாக்ஸ்டனுக்கு அந்த வழி ஏன் ஆகாது என்று யாராவது சொல்லுங்கள், கேட்கிறேன்.