“வீட்டில் வேறு யாரும் இல்லையா?” என்று கேட்கப்பட்டவர்கள் எழுதுங்கள்

மழைக்காலம்:

நேராக விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் குடியிருப்போர் சங்கத்தில் நான் செயலாளர். அது என்ன மாதிரி வேலை என்று இங்கே இருப்பவர்களுக்கு விளக்க வேண்டாம். தண்ணீர்த் தொட்டி கழுவும் தேதி, லிஃப்ட் பராமரிப்பு, யார் வண்டி யார் இடத்தில் நிற்கிறது, எதுவானாலும் கடைசியில் செயலாளர் வாசலுக்குத்தான் வரும்.

விடுமுறை நாள். பிள்ளைகள் அறைச் சுவருக்கு, பெயின்டுக்கு முன் சமன் செய்யப் பூசும் பட்டி பார்த்து, காய்ந்த சுவரை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தேன். தலையில் துணி, இமை வரை வெள்ளைத் தூள். கணவர் கூடத்தில் துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தார். மணி அடித்தது, நான்தான் கதவைத் திறந்தேன். மேல்மாடிக்காரர், கையில் புகார்க் கடிதம். என்னைப் பார்த்தார், உப்புத்தாளைப் பார்த்தார். “வீட்டில் வேறு யாரும் இல்லையா?” என்றார்.

“சொல்லுங்க சார்” என்றேன். அவர் கடிதத்தை என் தோளுக்கு மேலாக நீட்டினார். பின்னால் என் கணவர் எழுந்து வந்திருக்கிறார், எனக்குத் தெரியாது. காகிதத்தின் ஓரம் தலைத்துணியில் உரசிக்கொண்டு போனது. கணவர் கை நீட்டி வாங்கிக்கொண்டார். வாங்கிய பிறகுதான் “செயலாளர் அவங்கதான்” என்றார்.

புகார் தொட்டியைப் பற்றி. எப்போது கழுவினோம், யார் வந்து கழுவினார்கள், பதிவேட்டில் யார் கையெழுத்து, எல்லாவற்றையும் நான் நின்ற இடத்திலேயே சொன்னேன். மனிதர் முழுவதையும் கேட்டார். தலையாட்டியது என் கணவரைப் பார்த்து.

அப்புறம் போய்ச் சுவரைத் தேய்த்தேன், பிள்ளைகளுக்குச் சாப்பாடு போட்டேன், மாலையில் தொட்டிக்காரரிடம் பேசினேன். நாள் நன்றாகத்தான் முடிந்தது. அந்தக் காகிதம் உரசிய இடம் மட்டும் இன்னும் நினைவில் இருக்கிறது. உங்களுக்கும் இருந்திருக்கும். எழுதுங்கள்.

நூல்கண்டு:

எனக்கு நடந்தது போனில். பெற்றோர் குழுக் கூட்டம். பள்ளி நூலகத்தை மாலையிலும் கொஞ்ச நேரம் திறந்து வைக்க வேண்டும் என்ற தீர்மானம் நான் எழுதியது. கூட்டத்துக்கு முன்பே அலமாரி மாட்ட சுவரில் துளை போட்டு முடித்து, தூளைக்கூடத் துடைத்துவிட்டு, அமைதியாக ஒரு மூலை பார்த்து உட்கார்ந்தேன். என் முறை வருவதற்குள் சின்னவன் தூக்கம் கலைந்து அழ ஆரம்பித்தான்.

குழுத் தலைவர், “முதல்ல குழந்தையைக் கவனிங்கம்மா, இதை நாங்க பாத்துக்கறோம்” என்றார். தன்மையாகத்தான் சொன்னார். அதனால்தான் பதில் சொல்ல வரவில்லை. மைக்கை அணைத்துவிட்டு, பையனைத் தோளில் போட்டுக்கொண்டு, காதில் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டே நடந்தேன். அதே கூட்டத்தில் ஒரு அப்பா வண்டி ஓட்டிக்கொண்டே பேசினார், நடுநடுவே ஹாரன். அவரிடம் முதலில் சாலையைக் கவனியுங்கள் என்று ஒருவரும் சொல்லவில்லை.

மறுநாள் கூட்டக் குறிப்பு வந்தது. என் பெயருக்கு நேரே “பாதியில் விலகினார்”. தீர்மானத்துக்கு நேரே “பின்னர் பரிசீலிக்கலாம்”. முதல் வரியைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன். நான் விலகவே இல்லை. கடைசி நன்றியுரை வரைக்கும் லைனில் இருந்தேன்.

மட்டப்பலகை:

என் கதை சின்னது. மனைவி வார்டு சுகாதாரக் குழுவில் இருக்கிறார். வீட்டில் பூச்சு வேலைக்கு ஆள் வந்தபோது மேஸ்திரி அளவுகளை எல்லாம் என்னிடமே கேட்டார். அளந்து எழுதி வைத்தது மனைவி, ரசமட்டம் பிடித்ததும் அவர். நான் ஒவ்வொரு கேள்விக்கும் உள்ளே போய் அவரிடம் கேட்டு வந்து சொன்னேன். வேலை முடியும்வரை அந்த மனிதர் மாறவில்லை.

ஆனால் மழைக்காலம், நீங்கள் எழுதியதில் என்னைக் கவலைப்படுத்தியது வேறொன்று. பிள்ளைகள் அறை, காய்ந்த பட்டி, உப்புத்தாள், இமை வரை தூள். கட்டடம் எவ்வளவு பழையது? பழைய வீடு என்றால் பட்டிக்கு அடியில் இருக்கும் பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம். அமெரிக்காவிலேயே வீடுகளுக்கு ஈய பெயின்டைத் தடை செய்தது 1978இல்தான். பல நாடுகளில் அதற்கும் வெகுகாலம் பிறகு வரை அது புழக்கத்தில் இருந்தது. குழந்தைகளின் உடலில் ஈயம் இவ்வளவு வரை சேரலாம், பரவாயில்லை என்று சொல்லக்கூடிய அளவே கிடையாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலை. மூளை வளர்ச்சியைத்தான் முதலில் பாதிக்கும். அதனால் பழைய பூச்சு வரைக்கும் தேய்ப்பதாக இருந்தால் உலர்வாகத் தேய்க்காதீர்கள். தண்ணீரில் நனைக்கிற உப்புத்தாள் தனியாகக் கிடைக்கும், சுவரையும் லேசாக நனைத்துக்கொண்டு தேயுங்கள். தூள் அவ்வளவாகப் பறக்காது. துணி முகக்கவசம் இந்த நுண்தூளைத் தடுக்காது, குறைந்தது என்95 வகையாவது வேண்டும். முடித்த பிறகு துடைப்பத்தால் பெருக்கினால் தூள் மறுபடி காற்றில் ஏறும், ஈரத்துணியால் துடைத்து எடுங்கள். வேலை செய்த உடுப்பை மற்ற துணிகளோடு போடாதீர்கள். வேலை நடக்கும் அறைக்குள் சின்னப் பிள்ளைகளும் கர்ப்பிணிகளும் வரவே கூடாது.

இன்னொன்று. பட்டி எதற்காகப் போட்டீர்கள்? பழைய பெயின்ட் உப்பி உதிர்ந்ததாலா? அப்படியானால் சுவரில் ஓதம், அதாவது ஈரக்கசிவு, இருக்கிறதா என்று பார்க்காமல் பிரைமர் அடிக்க வேண்டாம். ஒரு பாலிதீன் தாளைச் சுவரில் வைத்து நாலு பக்கமும் டேப்பால் இறுக்கமாக ஒட்டுங்கள். ஒரு முழு நாளாவது விடுங்கள். தாளின் உள்பக்கம், அதாவது சுவரைத் தொடும் பக்கம் நீர் கோத்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. வெளிப்பக்கம் நீர் கோத்திருந்தால் அது அறைக் காற்றின் ஈரம், ஜன்னலைத் திறந்து வைத்தாலே பெரும்பாலும் சரியாகும். உள்ளிருந்து வரும் ஈரத்தை நிறுத்தாமல் எந்த விலை உயர்ந்த பெயின்ட் அடித்தாலும் நிற்காது, உப்பு பூத்துத் தள்ளிவிடும். ஈரம் குழாய்க் கசிவால் என்றால், குழாயைச் சரி செய்து புதிதாக சிமென்ட் பூசிய பின், பூச்சு பதமாக 28 நாள் வரை விடச் சொல்வார்கள். அவசரப்படாதீர்கள்.

மூத்தவன்:

மழைக்காலம் அக்கா, மேல்மாடிக்காரர் செய்தது தவறு. ஆனால் உங்கள் கணவரையும் சேர்த்து எழுதியது எனக்கு ஒப்பவில்லை. யாராவது ஒரு காகிதத்தை நீட்டினால் கை தானாக நீளும். அதை வைத்து ஒரு மனிதரை எடை போட முடியாது. துணி மடித்துக்கொண்டிருந்தவர் அவர்.

இதை நான் எழுதக் காரணம் என் அம்மா. தெருப் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு நடத்தினார். மகளிர் சங்கத்தில் தலைவர். திரைச்சீலை, நாற்காலி உறை, எங்கள் பள்ளிச் சீருடை எல்லாம் வீட்டுத் தையல் மிஷினில்தான். ராத்திரி தூக்கத்தில் புரண்டால் அந்த மிஷின் சத்தம் கேட்கும்.

நாலாம் வகுப்பில் மதிப்பெண் அட்டையில் கையெழுத்து வாங்க வேண்டும். அம்மா சங்கத்துக் காகிதங்களோடு உட்கார்ந்திருந்தார். என் அட்டையையும் அடுக்கோடு வைத்தேன். ஒவ்வொன்றாகக் கையெழுத்துப் போட்டுத் திருப்பினார். மறுநாள் வகுப்பில் டீச்சர் அட்டையைப் பார்த்து, “யாருடா தலைவர்?” என்றார். “பெற்றோர் கையொப்பம்” என்ற இடத்தில் அம்மாவின் கையெழுத்து, அதன் கீழே அடைப்புக்குறிக்குள் “தலைவர்”. கை பழக்கத்தில் எழுதியிருக்கிறது.

வகுப்பு சிரித்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. நான் அந்த அடுக்கில் ஒரு காகிதம் என்று அன்றைக்குத் தோன்றியது. அம்மாவிடம் இன்றுவரை சொல்லவில்லை. இப்போது எனக்கே பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர் எத்தனை மணிக்குப் படுத்தார், எத்தனை மணிக்கு எழுந்தார் என்று கணக்குப் பார்த்தால் பதறுகிறது. அந்த அட்டை மேல் இருந்த கோபம் போய்விட்டது. டீச்சரின் கேள்விதான் தங்கியிருக்கிறது. அப்பா கையெழுத்துப் போட்டு அதே மாதிரி எழுதியிருந்தால் டீச்சர் கேட்டிருப்பாரா?

வெயில்முகம்:

மூத்தவன், உங்கள் கடைசி வரியே உங்கள் முதல் பத்திக்குப் பதில். பழக்கம் என்கிறீர்கள். சரி, பழக்கம்தான். அந்தப் பழக்கத்தின் பாரம் யார் தலையில் விழுகிறது என்று பாருங்கள். சர்வதேச தொழிலாளர் அமைப்பு 2018இல் ஒரு அறிக்கை வெளியிட்டது. சமையல், துப்புரவு, பிள்ளைகளையும் முதியவர்களையும் பார்த்துக்கொள்வது என்று கூலி இல்லாமல் உலகம் முழுக்க நடக்கும் பராமரிப்பு வேலையின் நேரத்தில் 76.2 சதவீதம் பெண்களுடையது. துணி மடிப்பது நல்ல காரியம், அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அதைத் தனியாகக் குறிப்பிட்டுச் சொல்ல வேண்டியிருக்கிறதே, உங்கள் அம்மா தைத்த நாற்காலி உறையை அன்றைக்கு யாராவது குறிப்பிட்டுச் சொன்னார்களா?

ஐஸ்லாந்தில் 1975 அக்டோபர் 24ஆம் தேதி பெண்கள் ஒரு நாள் எல்லா வேலையையும் நிறுத்தினார்கள். அலுவலக வேலை, வீட்டு வேலை, பிள்ளை பார்ப்பது, எல்லாம். நாட்டின் பெண்களில் 90 சதவீதம் பேர் என்று சொல்வார்கள். அப்பாக்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அலுவலகம் போனார்கள். அடுத்த வருடம் ஆண் பெண் சம உரிமைச் சட்டம் வந்தது. 1980இல் விக்டிஸ் ஃபின்போகாடோட்டிர் குடியரசுத் தலைவர் தேர்தலில் ஜெயித்தார். மக்கள் நேரடியாக ஓட்டுப் போட்டு அந்தப் பதவிக்கு வந்த உலகின் முதல் பெண். தனியாளாக ஒரு மகளை வளர்த்துக்கொண்டிருந்தவர். கைப்பழக்கம் ஒன்றும் மாறாதது இல்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

என் அனுபவம் ஒரு வரிதான். ரத்ததான முகாமில் பதிவு மேஜையில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் இருந்த பெண், எனக்குப் பிடித்தமான தோழி, “வீட்டு வேலையெல்லாம் முடிச்சுட்டு வந்தாச்சா?” என்றாள். “முடிச்சாச்சு” என்றேன். முடிக்கவில்லை. குளியலறையில் பாதித் தரைக்கு ஓடு பதித்து, இடுக்குக்குக் கலவை போடாமல் வந்திருந்தேன். அவள் முடிக்கும் முன்பே என் வாயிலிருந்து அந்தப் பதில் வந்த வேகம்தான் என்னை உறுத்துகிறது.

மழைக்காலம்:

மட்டப்பலகை, நன்றி. தாள் ஒட்டிப் பார்த்தேன். உள்பக்கம்தான் நீர். சுவருக்கு அந்தப் பக்கம் குளியலறை. குழாய்க்காரர் வந்து பார்க்கும்வரை பிள்ளைகளை எங்கள் அறைக்கு மாற்றிவிட்டோம்.

மூத்தவன், நான் அவரை எடை போடவில்லை. அவரிடமே கேட்டேன். “உன் கையெல்லாம் தூள், காகிதம் அழுக்காகுமேன்னு வாங்கினேன்” என்றார். நம்புகிறேன். ஆனால் மேல்மாடிக்காரர் அவரிடம் நீட்டியதற்குத் தூள் காரணம் இல்லையே. உங்கள் அம்மாவிடம் அந்த அட்டையைப் பற்றி ஒருநாள் சொல்லுங்கள். அவர் தெரிந்துகொள்ள விரும்புவார் என்றுதான் ஒரு அம்மாவாக எனக்குப் படுகிறது.

நூல்கண்டு:

மூத்தவன் அம்மாவிடம் சொல்ல வேண்டாம் என்பது என் கருத்து. இத்தனை வருடம் கழித்து அவர் அதை நினைத்து ராத்திரி விழித்திருப்பார். அவர் செய்ததை எல்லாம் நன்றாக ஞாபகம் இருக்கிறது என்று மட்டும் சொல்லுங்கள்.

அணில்வால்:

எல்லாரும் குத்தியதையே எழுதுகிறீர்கள். எனக்கு நடந்தது நேர்மாறு, ஆனாலும் மனதை விட்டுப் போகவில்லை.

பூங்காப் பராமரிப்புக் குழுவில் சேர்ந்த புதிது. இரண்டு பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு கூட்டத்துக்குப் போனேன். வாசலிலேயே திரும்பிவிடலாமா என்று நின்றேன். செயலாளர் வயதான மனிதர், கறாரானவர் என்று பெயர். எழுந்து வந்தார். ஒன்றும் கேட்கவில்லை. மூலையில் ஒரு விரிப்பை உதறிப் போட்டார். பழைய சுற்றறிக்கைகளைத் திருப்பி வெள்ளைப் பக்கம் மேலே வருமாறு அடுக்கினார், பென்சில்களைச் சீவி வைத்தார். பிறகு தன் இடத்துக்குப் போய், “முதல் பொருள்” என்று ஆரம்பித்துவிட்டார். பென்சில் சீவிய தூளைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டது எனக்கு அப்படியே கண்ணில் நிற்கிறது.

அடுத்த கூட்டத்தில் எனக்கு முன்பே விரிப்பு போட்டிருந்தது. இன்னும் இரண்டு அம்மாக்கள் பிள்ளைகளோடு வர ஆரம்பித்தார்கள், பிறகு ஒரு அப்பாவும். பேச வேண்டியதைச் செயலாளர் முன்கூட்டியே எழுதி அனுப்புவார், பிள்ளைகளோடு வருபவர்களின் பொருளை முதலில் எடுப்பார், சொன்ன நேரத்தில் முடிப்பார். பூங்காவில் சறுக்குமரத்துக்குக் கீழே மணல் கொட்டியது, உடைந்த ஊஞ்சல் சங்கிலியை மாற்றியது எல்லாம் அந்த முதல் பதினைந்து நிமிடங்களில் முடிவானவை.

அவர் இப்போது பொறுப்பில் இல்லை. புதியவர் வந்ததும் விரிப்பை எடுத்துவிட்டார், இடத்தை அடைக்கிறதாம். போன கூட்டத்துக்கு அந்த இரண்டு அம்மாக்களும் வரவில்லை. விரிப்பைத் திரும்பப் போட வேண்டும் என்று எழுத்தில் கொடுத்திருக்கிறேன், ஞாயிற்றுக்கிழமை பொருளாக எடுக்கிறார்கள். நூல்கண்டு, உங்கள் பெயருக்கு நேரே எழுதியதைத் திருத்தச் சொல்லிக் கடிதம் கொடுத்தீர்களா? கூட்டக் குறிப்பை அடுத்த கூட்டத்தில் படித்து ஒப்புதல் வாங்கும்போது திருத்தம் கேட்கலாம். அதை விட்டுவிடாதீர்கள்.