ஒரே ஒரு சென்டர்ஃபயர் ரைஃபிள் என்றால் எந்த கேலிபர்? .308, .223, 6.5 கிரீட்மோர்?

வீட்பெல்ட் வேலன்

மேற்கு ஆஸ்திரேலியாவின் புதிய துப்பாக்கிச் சட்டம் 2025 மார்ச் 31 முதல் நடப்புக்கு வந்துவிட்டது. பொழுதுபோக்குக்குச் சுடுகிறவர்களும் வேட்டைக்காரர்களும் ஐந்து துப்பாக்கிகளுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. விவசாயிகளுக்கும் போட்டியாளர்களுக்கும் பத்து. என்னிடம் .22 ரிம்ஃபயர் ஒன்றும் 12 போர் ஷாட்கன் ஒன்றும் இருக்கின்றன. மூன்றாவதாக, ரிம்ஃபயரைவிட வலுவான தோட்டா போடும் சென்டர்ஃபயர் ரைஃபிள் ஒன்றை வாங்கி, அத்தோடு நிறுத்திக்கொள்ள நினைக்கிறேன். ஐந்து வரை போக ஆசைதான். இரும்புப் பெட்டகத்தில் இடமில்லை, வீட்டில் என் பேச்சும் எடுபடவில்லை.

மெர்ரடின் பக்கம் தெரிந்தவர் ஒருவரின் கோதுமை நிலத்தில் நரியும் முயலும்தான் பெரும்பாலும். ஆண்டில் ஓரிரு முறை வடக்கே முர்ச்சிசன் பகுதியில் காட்டாடு. எப்போதாவது பன்றி கண்ணில் படலாம். எந்த கேலிபர், அதாவது எந்தத் துளை அளவுத் தோட்டா என்பதில்தான் குழப்பம். கடைக்காரர் .308 வின்செஸ்டர் என்கிறார். கிளப்பில் இளைஞர்கள் 6.5 கிரீட்மோர் என்கிறார்கள். நிலத்துக்காரரோ .223 ரெமிங்டனே போதும் என்கிறார். அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

லித்கோ பெரியவர்

.308. இதில் பட்டிமன்றம் நடத்த என்ன இருக்கிறது?

1952இல் விற்பனைக்கு வந்த தோட்டா. இதன் இராணுவ வடிவத்தைத்தான் நேட்டோ படைகள் 7.62 என்று ஏற்றுக்கொண்டன. லித்கோ தொழிற்சாலை 1959 முதல் நம் படைக்குச் செய்துகொடுத்த எல்.1.ஏ.1 ரைஃபிளும் அதைத்தான் சுட்டது. படையின் பழைய .303 ஓய்வு பெற்ற பிறகு நெடுந்தூர இலக்குச் சுடும் மன்றங்களும் இதற்கே மாறின. எந்தச் சிற்றூரின் துப்பாக்கிக் கடைக்குப் போனாலும் அலமாரியில் .308 பெட்டி இருக்கும். 2020, 2021இல் தோட்டாத் தட்டுப்பாடு வந்தபோது விநோத கேலிபர் வாங்கியவர்கள் பட்ட பாட்டைக் கண்ணால் பார்த்தவன் நான்.

ஆற்றலைப் பாருங்கள். 150 கிரெய்ன் (குண்டின் எடை, ஏறக்குறைய 10 கிராம்) குண்டு நொடிக்கு ஏறக்குறைய 860 மீட்டர் வேகத்தில் கிளம்பும். 3,500 ஜூலுக்கு மேல். .223இன் 55 கிரெய்ன் குண்டுக்கு 1,700 ஜூல் சொச்சம், அதாவது பாதிகூட இல்லை. பெரியதைக் கொண்டு சிறியதைச் சுடலாம். சிறியதைக் கொண்டு பெரியதைச் சுட்டால் அடிபட்ட விலங்கைத் தேடி இரவு முழுவதும் புதருக்குள் அலைய வேண்டும்.

டப்போ செல்வி

பெரியவர் கேள்வியைச் சரியாகப் படிக்கவில்லை என்று நினைக்கிறேன். வேலன் எழுதிய பட்டியலில் முதலில் இருப்பது நரி. பன்றி கடைசியில், அதுவும் "எப்போதாவது", "படலாம்" என்று.

எங்கள் நிலத்தில் ஆட்டுக்குட்டி ஈனும் பருவத்தில் வாரத்தில் பல இரவுகள் ஸ்பாட்லைட்டோடு நரிக்குப் போகிறோம். .308இன் உதைப்பு .223ஐப் போல நான்கு மடங்கு அளவுக்கு இருக்கும். தோளில் பட்டுப் பட்டு, அடுத்த தடவை விசையை இழுக்கும் முன்பே கண் தானாக மூடிக்கொள்கிறது. .223இல் அந்தப் பயம் இல்லை. உதைப்பு குறைவு என்பதால் குண்டு போய்ப் படுவதை ஸ்கோப் (குறிபார்க்கும் தொலைநோக்கி) வழியாகவே பார்க்கலாம். தோட்டாவும் மலிவு, ஆகவே பழகவும் மனம் வருகிறது. நன்றாகப் பழகிய கையில் இருக்கும் .223, ஆண்டுக்கு ஒரு பெட்டி மட்டும் சுடும் .308ஐவிட நிறைய விலங்குகளை வலியில்லாமல் வீழ்த்தும்.

இன்னொன்று, மெர்ரடின் பக்கம் தரை தட்டையாகக் கிடக்கிறது. குண்டைத் தடுக்கப் பின்னால் ஒரு மேடு கிடைப்பதே அரிது. வேகமான 55 கிரெய்ன் மென்முனைக் குண்டு தரையிலோ கல்லிலோ பட்டதும் பெரும்பாலும் சிதறிவிடும். 150 கிரெய்ன் குண்டு அப்படிச் சுலபத்தில் உடையாது. துள்ளிப் போய் எங்கே விழும் என்று யார் சொல்வது? அடுத்த வயலில் அறுவடை இயந்திரம் ஓட்டுகிறவரிடம் நேட்டோ வரலாற்றையா சொல்வீர்கள்?

ஆறரை

இருவரும் போன நூற்றாண்டிலேயே நிற்கிறீர்கள். 6.5 கிரீட்மோர் வந்தது 2007இல். ஹார்னடி நிறுவனம் இலக்குப் போட்டிக்கென்றே வடிவமைத்தது. நீண்டு மெலிந்த குண்டு, காற்றை எளிதாகக் கிழித்துக்கொண்டு போகும். 140 கிரெய்ன் அளவில் 3,100 ஜூல் வரை, உதைப்பு .308ஐவிடக் குறைவு. நரிக்கும் ஆகும், ஆட்டுக்கும் ஆகும், பன்றிக்கும் ஆகும். வார இறுதியில் கிளப்பில் 800 மீட்டர் பலகைக்கும் ஆகும்.

"விநோத கேலிபர்" என்று பெரியவர் சொன்ன காலம் போய்விட்டது. டிக்கா, ஹோவா என்று எந்த நிறுவனத்தை எடுத்தாலும் கிரீட்மோர் உண்டு. தோட்டாவைத் தாமே நிரப்புகிறவர்களுக்கு இன்னும் நல்ல செய்தி: அமெரிக்கர்கள் கிரீட்மோருக்கு விரும்பிப் போடும் எச்4350 பவுடர் நம் நியூ சவுத் வேல்ஸின் முல்வாலா தொழிற்சாலையில்தான் தயாராகிறது. இங்கே ஏ.ஆர்.2209 என்ற பெயரில் கிடைக்கிறது.

லித்கோ பெரியவர்

தம்பி, 200 மீட்டருக்கு ஸ்கோப்பைச் சரிசெய்துவிட்டு இரண்டையும் 300 மீட்டரில் சுட்டுப் பாருங்கள். குண்டு இறங்கும் அளவில் இரண்டுக்கும் வித்தியாசம் ஓரிரு அங்குலம். கிரீட்மோரின் பெருமையெல்லாம் 500 மீட்டருக்கு அப்பால்தான் தெரியும். இருட்டில் வண்டிமேல் நின்றுகொண்டு 500 மீட்டரில் நரி சுடப் போகிறாரா வேலன்?

ஆறரை

காற்றை விட்டுவிட்டீர்களே. கோதுமை நிலத்தில் பிற்பகல் காற்று எப்படி அடிக்கும் என்று அங்கே இருக்கிறவருக்குத் தெரியும். இறக்கத்தை ஸ்கோப்பில் திருகிச் சரிசெய்யலாம், காற்றை ஊகிக்கத்தான் முடியும். குண்டு காற்றில் குறைவாக விலகினால் என் ஊகத்தின் பிழையும் குறைகிறது. 300 மீட்டரிலேயே அது தெரியும்.

கிப்ஸ்லாந்து மரை

விக்டோரியாவிலிருந்து எழுதுகிறேன். இங்கே சண்டைக்கே இடமில்லை, சட்டமே பேசிவிடுகிறது. 1860களில் இலங்கையிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் கொண்டுவந்து விட்ட மரை, அதாவது சாம்பார், இன்று மலைக்காடு முழுவதும் பெருகிக் கிடக்கிறது. ஆண் மரை 200 கிலோவைத் தாண்டும். சாம்பாருக்கு நெடுங்காலமாக இங்கே எழுதப்பட்டிருந்த விதி: குறைந்தது .270 கேலிபர், 130 கிரெய்ன் குண்டு. அந்த விதிப்படி 6.5 கிரீட்மோர் (.264 அங்குலம்) வாசலுக்கு வெளியேதான் நின்றது. புள்ளிமானுக்கும் ஃபாலோ மானுக்கும் .243, 80 கிரெய்ன் போதும் என்றிருந்தது. விதிகள் அவ்வப்போது திருத்தப்படும், ஆகவே போகும் முன் வேட்டை ஆணையத்தின் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

நான் பயன்படுத்துவது .30-06. 1906இல் பிறந்த தோட்டா, 180 கிரெய்ன் குண்டு. ஈரமான பள்ளத்தாக்கில், நூறு மீட்டருக்குள், பெரணிச் செடிகளுக்கு நடுவே தோள் மட்டும் தெரியும் மரைக்கு அதைவிட நம்பிக்கையானது எனக்கு அகப்படவில்லை. வேலன் என்றாவது ஒருநாள் இந்தப் பக்கம் வந்தால் .223ஐ வைத்துக்கொண்டு என்ன செய்வார்?

டப்போ செல்வி

என்ன செய்வார்? அங்கே இருக்கிற நண்பரோடு போய் வேடிக்கை பார்ப்பார்.

நம் ஆட்கள் எல்லோருக்கும் இந்த வியாதி இருக்கிறது. வாழ்நாளில் ஒரு முறை போனாலும் போகலாம் என்ற வேட்டைக்காகத் துப்பாக்கி வாங்குவது. அதைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொரு வாரமும் முயலுக்குப் போவது. வடக்குப் பிரதேசத்தில் எருமை இருக்கிறது என்று .375 வாங்கச் சொல்ல இன்னும் யாரும் வரவில்லையே என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். சென்டர்ஃபயர் ரைஃபிளுக்கு விண்ணப்பிக்கும்போது தேவையைக் காட்ட வேண்டும். "மெர்ரடினில் நரி சுட .308" என்று எழுதிவிட்டு, அதைப் படிக்கிற அதிகாரி என்ன நினைப்பார் என்றும் யோசியுங்கள்.

காட்டாட்டைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. ஆட்டைச் சுடுவது சமைப்பதற்குத்தான் என்று எடுத்துக்கொள்கிறேன். .308 குண்டு முன்னங்கால் சந்தில் பட்டால், தோலை உரித்ததும் அந்தப் பக்கத்துத் தோள் முழுவதும் கருஞ்சிவப்பாக இரத்தம் கட்டிக் கூழாகியிருக்கும். கத்தியால் வெட்டி வெட்டி எறிந்தபின் எலும்பை ஒட்டி ஒரு கைப்பிடி மிஞ்சும். பாதித் தோள் நாய்க்குப் போகும். .223இல் கழுத்து எலும்பிலோ காதுக்குக் கீழேயோ சுட்டால் நின்ற இடத்திலேயே விழும், இரண்டு தோளும் முழுசாக வீட்டுக்கு வரும்.

லித்கோ பெரியவர்

கழுத்து எலும்பு எத்தனை விரல் அகலம், அம்மா? ஆடு தலையை ஆட்டாமல் நிற்குமா? இப்போது பன்றியை எடுத்துக்கொள்ளுங்கள். வயதான ஆண் பன்றியின் தோளில் கேடயம் என்றே சொல்லப்படும் தடித்த பகுதி ஒன்று உண்டு. கையால் தட்டிப் பாருங்கள், லாரி டயர்தான். சீக்கிரம் சிதறும் 55 கிரெய்ன் குண்டு அதன் மேற்பரப்பிலேயே வெடித்துப் புண்ணாக்கிவிட்டு நின்றுபோகும். பன்றி ஓடிவிடும். நீங்கள் பெருமையாகச் சொன்ன அதே சிதறும் குணம்தான் இங்கே எதிரி.

டப்போ செல்வி

அது குண்டைத் தேர்ந்தெடுத்தவரின் குறை, கேலிபரின் குறை இல்லை. இந்த இழையில் இதுவரை யாரும் குழலின் முறுக்கை, அதாவது குண்டைச் சுழலவைக்க உள்ளே வெட்டியிருக்கும் திருகு வரிகளைப் பற்றிப் பேசவில்லை என்பதுதான் எனக்கு வியப்பு.

வேலன், .223 வாங்கினால் குழலில் என்ன முறுக்கு என்று கேளுங்கள். பழைய .223 ரைஃபிள்கள் பலவற்றில் 12 அங்குலத்துக்கு ஒரு சுற்று. .222இல் 14. அவற்றில் 55 கிரெய்ன் அருமையாகப் போகும். 69 கிரெய்ன் போட்டால் குண்டு தள்ளாடி, இலக்குத் தாளில் பக்கவாட்டில் துளை போடும். 8 அங்குலத்துக்கு ஒரு சுற்று உள்ள குழல் 77 கிரெய்ன் வரை சரியாக அனுப்பும். நரிக்கு மலிவான 55 கிரெய்ன். பன்றிக்குச் சிதறாமல் ஊடுருவும் 60 கிரெய்னுக்கு மேற்பட்ட கெட்டிக் குண்டு, 100 மீட்டருக்குள், காதுக்குப் பின்னால். துப்பாக்கி ஒன்றுதான், தோட்டாப் பெட்டி மட்டும் இரண்டு.

கழுத்து எத்தனை விரல் என்று பெரியவர் கேட்டார். கங்காரு இறைச்சிக்காகத் தொழிலாகச் சுடுகிறவர்களைப் பாருங்கள். தலையில்தான் சுட வேண்டும் என்பது அவர்களுக்கு விதி. உடம்பில் துளை இருந்தால் இறைச்சிக்கூடம் வாங்காது. அவர்கள் கையில் இருப்பது .222, .223, .22-250. பிழைப்பே அதில் இருக்கிறவர்கள் .308 தூக்கிக்கொண்டு அலையவில்லை.

ஆறரை

தொழில்காரர்கள் ஓர் இரவில் சுடுவதை வேலன் ஓர் ஆண்டில் சுடமாட்டார். அவர்கள் கையை இவருக்கு ஒட்ட முடியாது. வடக்கே போய் மேற்குக் காற்றில் 250 மீட்டரில் ஒரு கடா நிற்கும்போது 55 கிரெய்ன் குண்டு எங்கே போய்ச் சேரும் என்று அக்கா சொல்லட்டும்.

டப்போ செல்வி

250 மீட்டரில் காற்றடித்தால் நான் சுடமாட்டேன். இன்னும் நூறு மீட்டர் நடப்பேன். கால் இருக்கிறதே.

கிப்ஸ்லாந்து மரை

நடுவழி ஒன்று இருக்கும்போது ஏன் இரண்டு கரையில் நின்று கத்துகிறீர்கள்? .243 வின்செஸ்டர். 1955 முதல் இருக்கிறது. நரிக்கு 58 கிரெய்ன், ஆட்டுக்கும் பன்றிக்கும் 100 கிரெய்ன். உதைப்பு .308இல் பாதி அளவு. என் மகன் தொடங்கியது அதில்தான்.

லித்கோ பெரியவர்

.308இன் அதே தோட்டாக் கூட்டைக் கழுத்து குறுக்கிச் செய்ததுதான் .243. தாயை விட்டுவிட்டுப் பிள்ளையைக் கொண்டாடுகிறீர்கள். குழலும் சீக்கிரம் தேயும். அத்தனை வெடிமருந்து அந்தச் சிறிய துளை வழியாகப் போனால் வேறென்ன ஆகும்? ஆனாலும் கிரீட்மோரைவிட இதை ஏற்றுக்கொள்வேன், அதன் விளம்பரமாவது காதைத் துளைப்பதில்லை. .308க்கு நான் போடுவது 2208 பவுடர், 150 கிரெய்ன் குண்டுக்கு மருந்து [நீக்கப்பட்டது]

பொறுப்பாளர்

தோட்டா நிரப்பும் மருந்து அளவுகளை இங்கே எழுதாதீர்கள். ஒருவரின் ரைஃபிளுக்குப் பாதுகாப்பான அளவு இன்னொருவரின் ரைஃபிளைப் பிளந்துவிடலாம். தயாரிப்பாளரின் கையேட்டைப் பாருங்கள். மற்றபடி சண்டை தொடரலாம்.

வீட்பெல்ட் வேலன்

எல்லோருக்கும் நன்றி. நிலத்துக்காரரிடம் மறுபடியும் பேசினேன். நரி வேட்டையின்போது அவருடைய செம்மறிகள் அடுத்த அடைப்பில்தான் நிற்குமாம்; .308 என்றதும் முகம் சுளித்தார். அனுமதி தருகிறவரே அவர் என்பதால் அந்த முகச்சுளிப்புக்கு இங்கே எழுதிய எல்லாவற்றையும்விட எடை அதிகம். முர்ச்சிசன் பயணத்தில் எனக்குத் துணையாக வருகிற நண்பரிடம் .308 இருக்கிறது. பெரிய பன்றி வந்தால் அவர் பார்த்துக்கொள்வார்.

.223, 8 அங்குல முறுக்கு என்று முடிவு செய்து விண்ணப்பம் கொடுத்துவிட்டேன். இப்போது ஸ்கோப். 3-9 மடங்கு பெரிதாக்கிக் காட்டுவது போதுமா, 4-16 வேண்டுமா?

ஆறரை

4-16. கிரீட்மோர் வாங்கும்போது அதையே கழற்றி மாட்டிக்கொள்ளலாம்.

லித்கோ பெரியவர்

3-9. நரியின் மீசையை எண்ணவா போகிறீர்கள்? அந்த நண்பரின் .308ஐ கிளப்பில் ஒரு நாள் அவர் பக்கத்தில் இருக்கும்போது சுட்டுப் பார்த்துவிட்டு, தோள் எப்படி இருக்கிறது என்று இங்கே எழுதுங்கள். இன்னும் இரண்டு இடம் மீதி இருக்கிறது உங்களுக்கு.