எச்டிஎம்எல் யார் கையில இருக்கு?

பென்னாகரத்தான்:
தர்மபுரியில ஒரு காலேஜ்ல பேச வந்தவர், "வெப் ஸ்டாண்டர்ட் எல்லாம் பொதுச்சொத்து, டபிள்யூ3சி நடுநிலையா பாத்துக்குது"ன்னு பசங்ககிட்ட சொல்லிட்டுப் போயிருக்கார். வெப்புக்கு விதி வகுக்குற அமைப்புதான் இந்த டபிள்யூ3சி. 2019 மே மாசமே அது ஒப்பந்தம் போட்டு, வெப் பக்கம் எழுதுற மொழியான எச்டிஎம்எல்லை வாட்விஜிங்கிற இன்னொரு குழு பொறுப்புல விட்டாச்சு. வாட்விஜியோட வழிநடத்தும் குழுவுல ஆப்பிள், கூகுள், மைக்ரோசாஃப்ட், மொசில்லா. நாலும் பிரவுசர் கம்பெனி. பொது எங்க இருக்கு இதுல?

ஓசூர் கோடர்:
முன்கதையையும் சொல்லுங்கண்ணா. டபிள்யூ3சி அப்ப எச்டிஎம்எல்லோட கறாரான வடிவமான எக்ஸ்எச்டிஎம்எல்தான் எதிர்காலம்னு உக்காந்திருந்துச்சு. எக்ஸ்எச்டிஎம்எல் 2 பழைய பக்கங்களோட ஒத்தே போகாது. அதனாலதான் 2004ல ஆப்பிள், மொசில்லா, ஓபரா ஆளுங்க தனியா வாட்விஜி ஆரம்பிச்சாங்க. 2009ல எக்ஸ்எச்டிஎம்எல் 2 வேலையை டபிள்யூ3சியே மூடிருச்சு. பிரவுசர்ல ஓடாத ஸ்டாண்டர்ட் எதுக்கு?

பென்னாகரத்தான்:
ஓட வைக்கிறவன் வச்சதே சட்டம்ங்கிறீங்க. 2017ல, வீடியோவை காப்பி அடிக்க விடாம பூட்டுறதுக்கு இஎம்இங்கிற ஸ்டாண்டர்ட் வந்துச்சே, ஞாபகம் இருக்கா? இணைய உரிமைக்காகப் போராடுற ஈஎஃப்எஃப் அமைப்பு மேல்முறையீடு வரைக்கும் போய் ஓட்டெடுப்புல தோத்துச்சு. கடைசியில டபிள்யூ3சியை விட்டே வெளிய போயிட்டாங்க.

ஓசூர் கோடர்:
இஎம்இ எனக்கும் பிடிக்கலை. ஆனா தடுப்புச்சுவரே இல்லைன்னு சொல்லாதீங்க. பிரவுசருக்குள்ளயே டேட்டாபேஸ் வைக்கிற வெப் எஸ்கியூஎல் 2010ல ஏன் நின்னுச்சு? செஞ்சு காட்டுன எல்லாருமே அடியில எஸ்கியூலைட்ங்கிற ஒரே மென்பொருளைத்தான் வச்சிருந்தாங்க. தனித்தனியா ரெண்டு பேர் கட்டிக் காட்டணும், அது இல்லைன்னு அப்படியே நிறுத்திட்டாங்க. வாட்விஜிலயும் ஒரே பிரவுசர் ஆசைப்பட்டா புது வசதி உள்ள வராது.

2018ல வெப் பக்கத்தை இயக்குற ஜாவாஸ்கிரிப்ட் மொழிக்கு 'ஃபிளாட்டன்'னு ஒரு கட்டளை சேர்க்கப் பாத்தாங்க. மூடூல்ஸ்னு ஒரு பழைய லைப்ரரி, அதாவது ரெடிமேட் கோட் தொகுப்பு, அதே பேரை ஏற்கனவே சொந்தமா வச்சிருந்துச்சு. சோதனைக்குப் போட்ட ஃபயர்பாக்ஸ்ல பழைய சைட் உடைஞ்சுது. பேரை 'ஃபிளாட்'னு மாத்தித்தான் 2019 பதிப்புல விட்டாங்க. சந்தூர் மாங்கன்னு நர்சரிக்காரர் எப்பவோ போட்டுட்டு மறந்த சைட் இன்னிக்கும் திறக்குதுன்னா, இந்த மாதிரி பிடிவாதத்தாலதான்.

காவேரிப்பட்டினம் டிசைனர்:
சண்டைக்கு நடுவுல என் கஷ்டத்தையும் கேளுங்க. ஒரு பேக்கரிக்கு சைட் பண்றேன், பேரு 'ஸ்ரீ'ல ஆரம்பிக்குது. பக்கத்தோட தோற்றத்தை எழுதுற சிஎஸ்எஸ்ல முதலெழுத்தை மட்டும் பெருசாக்கினா 'ஸ்' மாடி உசரத்துக்கு நிக்குது, 'ரீ' பக்கத்துல பொடிசா ஒட்டிக்கிட்டு இருக்கு. ஓனர் "எழுத்து உடைஞ்சிருக்கே தம்பி"ங்கிறார். என்ன பதில் சொல்ல?

ஓசூர் கோடர்:
கம்ப்யூட்டர்ல எழுத்துக்குக் குறியீடு கொடுக்குற யூனிகோடு கணக்குல 'ஸ்ரீ' ரெண்டு துண்டு, 'கொ' ஒரே துண்டு. அதனால 'கொ'வுக்கு வராத வம்பு இதுக்கு வருது. இந்த மாதிரி தமிழ்க் குறைகளைத் தொகுக்க எல்லா மொழிக்கும் வெப் ஒத்துப்போகுதான்னு பாக்குற டபிள்யூ3சி பன்னாட்டாக்கக் குழு தனி ஆவணமே வச்சிருக்கு. கோட் பகிர்ற தளமான கிட்ஹப்ல யார் வேணா இஷ்யூ, அதாவது குறைப் பதிவு, போடலாம். உறுப்பினர் கட்டணம், சிபாரிசு ஒன்னும் வேண்டாம்.

பென்னாகரத்தான்:
போடலாம்தான். போட்டுட்டு அதுக்குப் பின்னாடி மாசக்கணக்கா யார் பேசுறது? கூகுள் ஆளுக்கு அது சம்பள வேலை. இவரு கடை சாத்திட்டு வந்து பத்து மணிக்கு மேல இங்கிலீஷ்ல வாதாடணும். கதவு திறந்திருக்குன்னு சொல்லிட்டா சரியா, உள்ள போய் உக்கார நேரம் வேண்டாமா?

ஓசூர் கோடர்:
நேரம் இல்லாததுக்கு டபிள்யூ3சி என்ன பண்ணும்? டிசைனர் தம்பி, நீங்க ஒரு சின்ன டெஸ்ட் பேஜ் செய்ங்க. 'ஸ்ரீ' மட்டும் போதும், 'க்ஷ'வையும் சேர்த்துக் குழப்பாதீங்க. குரோம், ஃபயர்பாக்ஸ், சஃபாரி மூணுலயும் ஸ்கிரீன்ஷாட் எடுங்க.

காவேரிப்பட்டினம் டிசைனர்:
எட்ஜ், ஓபரா?

ஓசூர் கோடர்:
தேவையில்ல. ரெண்டும் இப்ப குரோமுக்கு அடிப்படையான குரோமியம்தான்.

பென்னாகரத்தான்:
வாட்விஜியை ஆரம்பிச்ச ஓபராவே பக்கத்தைக் காட்டுற சொந்த இன்ஜினை விட்டுட்டு குரோமியத்துக்குப் போயிருச்சு. ரெண்டு பேர் தனித்தனியா கட்டணும்னு சொன்னீங்களே, இன்னும் எத்தனை பேர் மிச்சம்?

காவேரிப்பட்டினம் டிசைனர்:
அண்ணா, அதெல்லாம் அப்புறம் பேசுங்க. கிருஷ்ணகிரி பக்கம் யார்கிட்டயாவது ஐபோன் இருக்கா? சஃபாரி ஸ்கிரீன்ஷாட் ஒன்னு வேணும்.