பாசி எடுக்கும் பெண்களுக்கு முகாம்: எந்த நாளில் வரலாம்?

கேள்வி:
வணக்கம். நான் சமூக மருத்துவத் துறைப் பேராசிரியர். பாம்பன், சின்னப்பாலம் பக்கம் கடல்பாசி எடுக்கும் பெண்களுக்கு மருத்துவம் ஏன் சரியாக எட்டுவதில்லை என்று ஆய்வு செய்கிறேன். 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் பிபி, சுகர் மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டு வருகிறது. நல்ல திட்டம். ஆனால் போன வாரம் நான் போன ஒன்பது வீடுகளில் ஏழு பூட்டிக் கிடந்தன. மருத்துவ முகாம் நடத்த எப்போது வந்தால் அவர்களைப் பார்க்க முடியும்?

பதில்:
சார், அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நீர் நன்றாக வற்றும். அந்த நாட்களில் எங்கம்மா விடியுமுன்னே தீவுப் பக்கம் போய்விடுவார். அஷ்டமி, நவமி வாக்கில் வாங்க, வீட்டில் இருப்பார்கள். அப்புறம், விரல்களைப் பாருங்கள். துணியைச் சுற்றிக்கொண்டுதான் பாறையில் பறிக்கிறார்கள். அம்மாவுக்குச் சுகர் வேறு, வெட்டுக்காயம் ஆறவே மாட்டேன் என்கிறது.

பதில்:
நான் கிராமச் செவிலியராக இருந்தவள். பெண் டாக்டரைக் கூட்டி வாருங்கள். மணிக்கணக்கில் ஈரத்துணியோடு, தண்ணீர் குடிக்காமல் வேலை செய்கிறவர்கள். நீர்க்கடுப்பு, வெள்ளைப்படுதல் எல்லாம் ஆண்களிடம் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள்.

கேட்டவர்:
நன்றி தம்பி, நன்றி அம்மா. திதியைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை. வரும் அஷ்டமிக்குப் பெண் மருத்துவரோடு வருகிறேன். காயத்துக்குக் கட்டுப்போடும் சாமான்களும் டிடி (ரணஜன்னித் தடுப்பு) ஊசியும் எடுத்து வருகிறோம்.