எல்க், மூஸ் வேட்டைக்கு எந்தத் தோட்டா? சில அனுபவங்கள்

கொலராடோவில் வசிக்கும் ஒருவர்:

வட அமெரிக்காவின் பெரிய மான் வகையான எல்க்கை முதன்முறையாக வேட்டையாடச் செல்லவிருக்கும் நண்பர் ஒருவரிடம், .300 வின்செஸ்டர் மேக்னம் (கூடுதல் மருந்து கொண்ட, வேகமான தோட்டா) இல்லாமல் மலையேறுவது வீண் என்று கடைக்காரர் சொல்லிவிட்டாராம். அது உண்மையா என்று அவர் கேட்டிருந்தார். உண்மையில்லை என்பதே என் உறுதியான எண்ணம். எல்க்குக்கும் அதைவிடப் பெரிய மானான மூஸுக்கும் கொலராடோ மாநில விதி கேட்பது மிகவும் குறைவு. துப்பாக்கிக் குழலின் விட்டம் .24 அங்குலத்துக்குக் குறையக் கூடாது, தோட்டாவின் நுனியில் இருக்கும், பட்டவுடன் விரியும்படி செய்த குண்டு 85 கிரெயினுக்கு (சுமார் ஐந்தரை கிராம்) குறையக் கூடாது, 100 கஜத்தில் 1,000 அடி-பவுண்டு ஆற்றலாவது இருக்க வேண்டும், அவ்வளவுதான். அந்தக் கீழெல்லையிலேயே நின்றுகொள்ளுங்கள் என்று நான் சொல்லமாட்டேன். முந்நூறு கிலோவைத் தாண்டும் ஆண் எல்க்குக்கு அது போதாது. ஆனால் அந்த எல்லைக்கும் மேக்னத்துக்கும் நடுவே, பல தலைமுறை வேட்டைக்காரர்கள் நம்பிக் கையிலெடுத்த தோட்டாக்கள் எத்தனையோ உள்ளன.

என் துப்பாக்கி .30-06 ஸ்பிரிங்ஃபீல்டு. 1906இல் அமெரிக்க இராணுவம் ஏற்றுக்கொண்ட இந்தத் தோட்டா, 180 கிரெயின் குண்டை, அதாவது பன்னிரண்டு கிராமுக்குச் சற்றுக் குறைவான எடையை, நொடிக்குச் சுமார் 2,700 அடி வேகத்தில் செலுத்துகிறது. குழல்வாயில் ஆற்றல் 2,900 அடி-பவுண்டை ஒட்டி இருக்கும். கடந்த இலையுதிர் காலத்தில், ஆஸ்பென் மரங்கள் முடிந்து ஊசியிலைக் காடு தொடங்கும் விளிம்பில், ஏறத்தாழ இருநூறு கஜத்தில் ஓர் ஆண் எல்க் சற்றே சாய்வாக நின்றது. முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னே குறிவைத்துச் சுட்டேன். முதுகை ஒருமுறை கூனியதைத் தவிர அது எதையும் காட்டிக்கொள்ளவில்லை. நடந்துபோய்க் காட்டுக்குள் மறைந்தது. இந்த இடத்தில் பதறக் கூடாது. அரை மணி நேரம் காத்திருந்து தடம் பார்த்தபோது, புல் நுனிகளில் நுரை கலந்த இளஞ்சிவப்பு இரத்தம் இருந்தது. நுரையீரலில் பட்டதற்கு அதுவே அடையாளம். சற்றுத் தொலைவிலேயே எல்க் விழுந்து கிடந்தது.

தோலுரித்தபோது குண்டு மறுபக்கத் தோலுக்கடியில், விரலால் தொட்டு உணரும்படி புடைத்து நின்றது. அதன் முன்பாதி காளானாக விரிந்து செப்பு இதழ்கள் பின்னோக்கி மடங்கியிருந்தன. பின்பாதியோ தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே உருளையாக இருந்தது. நுழையும்போது ஒரு விலா எலும்பை உடைத்து, இரண்டு நுரையீரல்களையும் கிழித்து, அதன் பிறகும் மறுபக்கத் தோல்வரை போய்ச் சேர்ந்திருக்கிறது. இதற்கு மேல் ஒரு மேக்னம் எனக்கு என்ன செய்து தந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கிறேன். நானூறு கஜத்துக்கு அப்பால் சுடுபவருக்கு அது உதவும் என்பதை மறுக்கவில்லை. ஆனால் மலைக்காற்றில், மூச்சு வாங்கும் நிலையில், அந்தத் தொலைவில் சுடும் தகுதி நம்மில் எத்தனை பேருக்கு உண்டு?

உதையையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஒரே எடையுள்ள துப்பாக்கியில் .300 வின்செஸ்டர் மேக்னம், .30-06ஐவிடக் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு கூடுதலாகத் தோளில் உதைக்கும். என்னோடு வரும் ஒருவரின் குண்டுகள் பயிற்சித் திடலில் எப்போதும் கீழே இடப்பக்கமாகவே போய்க்கொண்டிருந்தன. அவருக்குத் தெரியாமல், மருந்தில்லாத வெற்றுத் தோட்டா ஒன்றை மற்றவற்றோடு கலந்து கொடுத்தோம். விசையை இழுத்ததும் வெடிக்காத அந்தத் துப்பாக்கியின் முனை நன்றாகவே கீழே தாழ்ந்தது. உதைக்கு அஞ்சி அவர் உடல் முன்கூட்டியே இறுகிக்கொள்வதை அவரே கண்ணால் பார்த்தார். இப்போது உதை குறைந்த .308 துப்பாக்கி வைத்திருக்கிறார், குண்டுகள் குறியில் விழுகின்றன. தோட்டா வாங்கும் முன் நண்பரும் இந்தச் சோதனையைத் தமக்குச் செய்து பார்க்க வேண்டும் என்று மிகவும் கேட்டுக்கொள்கிறேன்.

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் வசிக்கும் ஒருவர்:

மேலே சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். ஆனால் தோட்டாவின் பெயரைவிட அதன் நுனியிலுள்ள குண்டின் கட்டமைப்பைப் பற்றித்தான் புதியவர்கள் அதிகம் கேட்க வேண்டும். எங்கள் குழுவில் ஒருவர் 7 மி.மீ. ரெமிங்டன் மேக்னத்தால் மிக அருகில் நின்ற ஒரு மூஸைச் சுட்டார். வேகத்துக்குக் குறைவில்லை, குறியும் தவறவில்லை. ஆயினும் சிறிய மான் வேட்டைக்கென்றே மெல்லிய உறையோடு செய்யப்பட்ட அந்தக் குண்டு, தோள்பட்டை எலும்பில் மோதியதுமே சிதறிவிட்டது. இரண்டாவது குண்டு விலாப்பகுதி வழியே போனதால்தான் அந்த விலங்கு துன்பப்பட்டு அலையாமல் விழுந்தது. வெட்டிப் பார்த்தபோது தோள் தசையில் ஈயத் துணுக்குகளும் கந்தலான செப்பும்தான் இருந்தன, நெஞ்சுக்கூட்டுக்குள் எதுவுமே போகவில்லை. அந்தத் தோளிலிருந்து நல்ல இறைச்சி எவ்வளவு வீணாயிற்று என்பதை நினைத்தால் இன்றும் மனம் கசக்கிறது.

எங்கள் மாகாணத்திலேயே இதற்கு ஒரு முன்கதை உண்டு. 1946இல் ஜான் நாஸ்லர் என்னும் அமெரிக்கர் இங்கே மூஸ் வேட்டைக்கு வந்தார். கையிலிருந்தது வலிமையான .300 ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் மேக்னம். ஆனால் அதன் குண்டுகள் ஆழமாக ஊடுருவாமல் உடைந்துபோயின. ஊர் திரும்பியவர், குண்டின் நடுவே குறுக்காக ஒரு செப்புச் சுவர் வைத்து, முன்னறை விரிந்தாலும் பின்னறை குலையாமல் உள்ளே செல்லும்படி ஒன்றை வடிவமைத்தார். பார்ட்டிஷன் என்ற பெயரில் 1948 முதல் விற்பனையாகும் குண்டு அதுதான். கொலராடோ நண்பர் விவரித்ததும் அந்த அமைப்பையே எனக்கு நினைவூட்டுகிறது. ஈயமே இல்லாத முழுச் செப்புக் குண்டுகளும் நல்லவையே. அவை எடையை ஏறக்குறைய அப்படியே காத்துக்கொள்ளும், இறைச்சியில் ஈயத்தூளும் கலக்காது. கலிஃபோர்னியாவில் 2019 ஜூலை முதல் வேட்டைக்கு ஈயமற்றவை மட்டுமே அனுமதி என்பதால், அங்கே செல்பவருக்கு வேறு வழியும் இல்லை. செப்பு ஈயத்தைவிட அடர்த்தி குறைந்தது என்பதால், அதே எடையில் குண்டு நீளமாகும். ஆகவே ஒரு படி குறைந்த எடையைத் தேர்ந்தெடுத்து, உங்கள் குழலில் அது சீராகப் போகிறதா என்று சுட்டுப் பார்த்துவிடுங்கள்.

அலாஸ்காவில் வசிக்கும் ஒருவர்:

பழுப்புக் கரடி திரியும் ஆற்றோரப் புதர்களில் நடப்பதால் நான் .338 வின்செஸ்டர் மேக்னம் வைத்திருக்கிறேன். 250 கிரெயின் குண்டின் கனம் அங்கே மனத்துக்குத் துணிவு தருகிறது. ஆனால் இதைத் தோள் பழக்கப்படுத்திக்கொள்ள நெடுங்காலம் பிடித்தது, முதல் துப்பாக்கியாக இதை யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். எங்கள் மாநில மீன், வேட்டைவிலங்குத் துறையே, தரமான கனத்த குண்டோடு கூடிய .30-06 இங்குள்ள மூஸுக்கும் கரடிக்கும் போதும் என்றும், கையாள அஞ்சும் மேக்னத்தைத் தூக்கி வராதீர்கள் என்றும்தான் வேட்டைக்காரர்களுக்கு அறிவுறுத்துகிறது.

இன்னொன்றையும் நண்பர் யோசிக்கட்டும். விமானத்தில் தோட்டாக்களைப் பொதுவாக ஐந்து கிலோ வரைதான், அதுவும் ஒப்படைக்கும் பெட்டியில்தான் கொண்டுவர முடியும். அந்தப் பெட்டி வழியில் தங்கிவிட்டால், சிற்றூர்க் கடையின் அலமாரியில் அபூர்வமான புதிய தோட்டா கிடைக்காது. .30-06, .308 போன்றவை பெரும்பாலும் கிடைக்கும். அப்படி வாங்கியவற்றையும், புறப்படும் முன் ஊருக்கு வெளியே காகிதக் குறியில் சுட்டு, துப்பாக்கியின் குறிபார்க்கும் தொலைநோக்கியைத் திருத்திக்கொண்ட பின்னரே காட்டுக்குள் செல்லுங்கள்.