கறுப்பு வெள்ளைப் படத்தில் பூவுக்கு மட்டும் நிறம்: விரல்களும் சேர்ந்து வந்துவிடுகின்றனவே?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். மதுரை மாட்டுத்தாவணிப் பூச்சந்தையில், வெள்ளைச் சேலை உடுத்திய ஒரு பாட்டி வாழைநாரில் கனகாம்பரம் தொடுத்துக்கொண்டிருந்தார். அவருடைய சம்மதத்தைக் கேட்டுக்கொண்டு காலை வெயிலில் படமெடுத்தேன். படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கி, பூவுக்கு மட்டும் நிறத்தை விட்டுவைக்க வேண்டும் என்பது என் விருப்பம். ஆனால் கேமராவில் உள்ள வசதியைப் பயன்படுத்தினாலும், ஃபோட்டோஷாப்பில் நிறத்தைத் தொட்டுத் தேர்ந்தெடுத்தாலும், பூவோடு பாட்டியின் விரல்களும் கன்னமும் ஆரஞ்சாகவே நின்றுவிடுகின்றன. தேர்வின் எல்லையைக் குறுக்கினால் இதழ்களின் நிழல்பகுதி சாம்பலாகி, பூச்சி அரித்ததுபோல் தெரிகிறது. இதற்கு வழி உண்டா?

மறுமொழி 1

கருவியில் குறை இல்லை. மனிதத் தோல் மாநிறமானாலும் கறுப்பானாலும் நிறவட்டத்தில் ஆரஞ்சை ஒட்டிய இடத்திலேயே அமைகிறது. கனகாம்பரமும் அங்கேதான் இருக்கிறது. இரண்டும் பெரும்பாலும் நிறச்செறிவில், அதாவது நிறத்தின் அழுத்தத்தில்தான் வேறுபடுகின்றன என்பதால், நிறத்தை மட்டும் பார்த்துப் பிரிக்கும் எந்தக் கருவியும் விரலையும் பூவையும் ஒன்றாகவே எடுத்துக்கொள்ளும். ஆகவே வண்ணப் படத்தின் மேல் கறுப்பு வெள்ளை லேயர் (அடுக்கு) ஒன்றை வைத்து, அந்த அடுக்கு எங்கே தெரியவேண்டும், எங்கே மறையவேண்டும் என்று தீர்மானிக்கும் மாஸ்க்கில் பூ இருக்கும் இடத்தைக் கறுப்புத் தூரிகையால் நீங்களே தீட்டுங்கள். நேரம் பிடிக்கும் வேலைதான், ஆனாலும் அவசரப்படாதீர்கள். விளிம்பு ஒன்றிரண்டு பிக்சல் மென்மையாக இருக்கட்டும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். வெயிலில் கனகாம்பரத்தின் ஆரஞ்சு ஒளி பட்டுத் தெறித்து, விரல்களின் உட்புறத்திலும் வெள்ளைச் சேலையின் மடிப்பிலும் மெல்லிய சாயலாகப் படிந்திருக்கும். அதை முழுவதும் துடைத்துவிட்டால் பூ வெட்டி ஒட்டியதுபோல் ஆகிவிடும். தூரிகையின் அடர்த்தியை 10 முதல் 15 விழுக்காட்டுக்குக் குறைத்து, அந்தச் சாயலைக் கொஞ்சம் விட்டுவையுங்கள். சிவப்பு சேனலின் (படத்தின் சிவப்பு ஒளியை மட்டும் பதிந்த பகுதி) ஹிஸ்டோகிராமையும், அதாவது ஒளியளவுகளைக் காட்டும் வரைபடத்தையும் பாருங்கள். அது வலது ஓரத்தில் முட்டி நின்றால் இதழ்களின் நுணுக்கம் அழிந்திருக்கும். ரா கோப்பிலிருந்து (கேமரா பதித்த, பதப்படுத்தாத மூலக் கோப்பு) ஒளியளவைக் குறைத்துத் தொடங்குவது நல்லது.

மறுமொழி 2

வேலைமுறையில் எனக்கு மறுப்பில்லை, நோக்கத்தில் ஐயம் உண்டு. சாம்பல் நிறங்களுக்கு நடுவே ஒரே ஒரு நிறம் இருந்தால் கண் முதலில் அங்கேதான் போகும். பிறகும் அங்கேயே திரும்பி வரும். திருமண ஆல்பங்களில் ரோஜாவை மட்டும் சிவப்பாக விட்டு, மணமகளின் முகத்தை யாரும் பாராதபடி செய்துவிட்ட படங்களை நிறையப் பார்த்துவிட்டேன். உங்கள் படத்தில் சொல்லவேண்டியது பாட்டியின் முகமா, பூவா? முகம்தான் என்றால் முழுக் கறுப்பு வெள்ளையே போதும். கறுப்பு வெள்ளையாக மாற்றும்போது நீல சேனலின் பங்கைக் கூட்டிப் பாருங்கள். பூ ஏறக்குறையக் கறுத்துவிட, தோல் அதைவிட வெளிர்ந்து நின்று, இரண்டும் தாமாகவே பிரியும்.

மறுமொழி 3

இந்தப் படத்துக்கு நிறம் வேண்டும் என்றே நான் கருதுகிறேன். நீல சேனலைக் கூட்டினால் அது என்ன பூ என்றே தெரியாது. சிவப்பைக் கூட்டினால் வெளுத்து, மல்லிகை என்று நினைத்துவிடுவார்கள். கனகாம்பரத்துக்கு மணமில்லை. பெண்கள் அதைத் தலையில் சூடுவதே அந்த நிறத்துக்காகத்தான். 1925இல் வெளிவந்த ‘போர்க்கப்பல் பொட்டம்கின்’ என்ற கறுப்பு வெள்ளைச் சோவியத் திரைப்படத்தில் கொடிக்கு மட்டும் ஃபிலிமில் கையாலேயே சிவப்புத் தீட்டினார்கள். சாம்பல் கொடியைப் பார்த்துச் செங்கொடி என்று யாரும் அறிந்துகொள்ள முடியாது.

என் தந்தையார் ஸ்டுடியோ வைத்திருந்த நாளில், பளபளப்பில்லாத தாளில் அச்சிட்ட படத்துக்குப் பஞ்சு சுற்றிய குச்சியால் வண்ணம் தொட்டு வைப்பார். அடியில் இருக்கும் சாம்பல் தெரியும் அளவுக்கு மெல்லியதாகவே ஒவ்வொரு பூச்சும் இருக்கும். நீங்களும் பூவின் நிறச்செறிவை மூன்றில் ஒரு பங்கு குறைத்துப் பாருங்கள். மறுமொழி 2இல் நண்பர் அஞ்சுவதுபோல் அது முகத்தை விழுங்காது.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. இரண்டு மாலைகள் செலவிட்டுக் கையாலேயே தீட்டி முடித்தேன். செறிவைக் குறைத்த பிறகு, கண் பூவில் தொடங்கி நார் வழியாக விரலுக்கும் அங்கிருந்து முகத்துக்கும் போகிறது. சேலை மடிப்பில் இருந்த சாயலை அப்படியே விட்டுவிட்டேன். அச்சில் ஆரஞ்சு திரையில் இருந்ததைவிடச் சற்று மங்கியே வந்தது; அதுவும் நன்றாகவே இருக்கிறது. அடுத்த முறை சந்தைக்குப் போகும்போது பாட்டிக்கு இந்தப் படத்தின் அச்சுப்படி ஒன்றைக் கொடுப்பேன்.